அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் உங்கள் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் வர வேண்டும், ஆனால் எழுத எதுவும் இல்லை, அவர் எதையும் வாய் திறந்து சொன்னதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சுதான் இது. அவர் சொல்லவில்லை, சரி. எடுத்து வைத்திருக்கிறாரே! பரண்மேல் இருக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். அசல் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள், அச்சகத்துக்காரர் கேட்டாலும் கூட.

முதலில், படையிலிருந்து வெளிவரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். 'டிஸ்சார்ஜ்' என்றதும் ஏதோ தண்டனை கொடுத்து அனுப்பியதாக நினைத்து ஒளித்து வைக்கும் குடும்பங்களும் உண்டு. ராணுவ விதி 13(3)-இன் கீழ், ஒப்பந்த காலம் முடிந்து வெளிவந்தார் என்பதுதான் அதற்குப் பொருள். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, ரேங்க், டிரேடு, பதக்கங்கள், நடத்தை எல்லாம் அதில் இருக்கும். நடத்தைக்கு எதிரே 'எக்ஸம்ப்ளரி' என்று எழுதியிருந்தால் அதைவிட உயர்ந்த மதிப்பீடு கிடையாது. லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் பழைய முத்திரை மங்கும், பின்னால் ஏதாவது பதிவு சேர்க்கவும் முடியாது. இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

1968-இல் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1985-இல் ஹவில்தாராக வெளிவந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவு மலரிலும் 'ஹவில்தார் (ஓய்வு)' என்றே போடுங்கள். ஊரில் யாரோ ஆசையாகக் கூப்பிட்டார்கள் என்பதற்காக 'சுபேதார்' ஆக்க வேண்டாம். ஹவில்தாராக ஓய்வுபெறுவோரில் சிலருக்கு குடியரசு நாள், சுதந்திர நாள் வேளைகளில் 'ஆனரரி நாயப் சுபேதார்' கௌரவம் வரும். அப்படி வந்திருந்தால் பெட்டியில் அதற்கான தாள் இருக்கும். இல்லையென்றால் ஹவில்தார்தான். 1758-இல் தொடங்கிய படைப்பிரிவு மெட்ராஸ் ரெஜிமென்ட், ராணுவக் காலாட்படையில் பழமையானது. அதில் ஹவில்தாராக இருந்ததற்கு மேல் மெருகு எதற்கு?

அடுத்து பதக்கங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காரியத்துக்கு முன் பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து விடுவார்கள். பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அந்த எழுத்துதான். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினாலே போதும்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றியும் எச்சரிக்கையாக எழுத வேண்டும். சங்கிராம் மெடல் அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கிடைத்தது. அது மட்டும் இருந்தால் போர்முனையில் நின்றார் என்று எழுத முடியாது. நட்சத்திர வடிவில் 'பஸ்சிமி ஸ்டார்' இருந்தால் மேற்கு முனை, 'பூர்வி ஸ்டார்' என்றால் கிழக்கு. 1972-இல் பணியில் இருந்ததால் சுதந்திர வெள்ளிவிழா மெடலும், ஒன்பது ஆண்டுப் பணிக்கான மெடலும் இருக்க வேண்டும். காணவில்லை என்றால் டிஸ்சார்ஜ் புக்கில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய இன்லாண்டு லெட்டர்கள் கிடைத்தால் முகவரியைக் கவனியுங்கள். ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம். '56 ஏ.பி.ஓ.' என்பது டெல்லித் தளம் வழியாகப் போன தபால், '99 ஏ.பி.ஓ.' கல்கத்தா வழி. ஸ்டார் சொல்வதோடு இதுவும் பொருந்தினால் துணிந்து எழுதலாம். தபால் முத்திரையில் உள்ள எஃப்.பி.ஓ. (படையோடு செல்லும் கள அஞ்சலகம்) எண்ணை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். படை நகர்ந்தால் எண்ணும் கூடவே நகரும். அம்மாவிடம் கேட்பதே மேல். "ரயில் எத்தனை நாள் ஓடுச்சு? எந்த ஸ்டேஷன்ல எறங்குவாரு?" என்று கேட்டால் நினைவுக்கு வரும். "எந்த ஊர்ல இருந்தாரு?" என்றால் வராது.

மணியார்டர் கூப்பன்களை அம்மா சேர்த்து வைத்திருந்தால், அவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கூடவே ஒரு கணக்கும் போடுங்கள்: வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். ஒரு நாள் கூடக் குறையாமல் கிடைத்திருந்தாலும் 17 வருடத்தில் 1,530 நாள். நாலு வருடம், இரண்டு மாதம் சொச்சம். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த காலத்தைத் தவிர, மீதி நாள் அத்தனையும் வீடு அந்தச் சின்னச் சின்னத் தாளில்தான் நடந்திருக்கிறது. நாலு பக்கத்தில் இரண்டைக் கூப்பன்களுக்கே ஒதுக்குங்கள் என்பேன்.

36 வயதில் வந்தவர், வங்கியில் காவலராகச் சேர்ந்து 60 வரை நின்றார். பொதுத்துறை வங்கிகளில் கடைநிலைப் பணிகளுக்கு முன்னாள் படைவீரர்கள் வகையில் 24.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அந்த வழியாக வந்திருப்பார். நியமன உத்தரவைப் பாருங்கள். அதே கோப்பில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்தமாக இரட்டைக்குழல் வைத்திருந்தால், அதை உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ்காரர் போனபின் வீட்டில் வைத்திருப்பது குற்றம். காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி அம்மா விஷயம். மலர் ஒரு வாரம் தள்ளிப் போகலாம், இது போகக்கூடாது.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம். அவர் இறந்த நாள் வரைதான் ஓய்வூதியம். அதற்கு மேல் கணக்கில் ஏறும் பணத்தைத் தொடாதீர்கள், திரும்பப் பிடிப்பார்கள். மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். அப்பா 67 வயதைத் தாண்டியவர் என்பதால் சாதாரண விகிதம், அதாவது சம்பளக் கணக்கில் 30 சதவீதம். குறைந்தது மாதம் 9,000 ரூபாய். வங்கியிலிருந்து குடும்ப ஓய்வூதியம் வந்தால் இது கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தடை 2012 செப்டம்பர் 24 முதல் இல்லை.

சிக்கல் வருவது பெயரில். பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய உத்தரவில்) 'லட்சுமி', ஆதாரில் 'லட்சுமி அம்மாள்'. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. ஒரு எழுத்து மாறினாலும் நின்றுவிடும். திருமணமும் குழந்தைகள் பிறப்பும் 'பார்ட் டூ ஆர்டர்' மூலம் அவருடைய பதிவேட்டில் ஏறியிருக்கும். திருத்தமும் வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் வழியாகவே நடக்கும். டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ., ஆதார், உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அம்மாவின் பிறந்த தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30. தேதி இல்லையென்றால் கூடாது, யாரும் தேடி வந்து சொல்லவும் மாட்டார்கள்.

இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையையும் கேன்டீன் கார்டையும் அம்மா பெயருக்கு மாற்றுங்கள். அப்பாவின் கேன்டீன் கார்டை நம்பி மாதக் கடைசியில் வந்துபோன மாமாக்கள் உதவிக்கு வருவார்கள், கவலை வேண்டாம்.

மலரில் அவருடைய ராணுவ எண், பி.பி.ஓ. எண், பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். ஓய்வூதிய மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

பெட்டியின் மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் பெயரும் ரேங்கும் எழுதியிருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் 'ஹவில்தார்' என்பதற்கு அடியில் 'நாயக்' தெரியலாம், அதற்கும் அடியில் 'சிப்பாய்'. அதை ஒரு போட்டோ எடுத்து மலரின் அட்டையில் போடுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம், பெட்டிக்குப் பெயின்ட் வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்