ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கு

2020 ஊரடங்கு. பஸ் இல்லை, கூட்டம் கூடாது. ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி தள்ளிக்கொண்டே போனது. அந்த மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. பல பிள்ளைகளுக்கான குப்பியை ஒரே பிள்ளைக்காகத் திறக்கத் தயங்குவது அதனால்தான்.

நீங்களோ யாரும் சொல்லாமலே பதிவேட்டைப் புரட்டி, தாய்மார்களுக்குப் போன் போட்டு, ஆளுக்கொரு நேரம் கொடுத்து அந்த நாலு மணி நேரத்துக்குள் அடக்கினீர்கள். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தீர்கள். ஐஸ் பேக்கைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை மருந்துப் பெட்டியில் வைக்கவில்லை (உறைந்தால், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பு மருந்து வீண்).

தவணை தப்பியவர்களிடம், "முதல்லேர்ந்து வேண்டாம்மா, விட்ட இடத்துலேர்ந்து போடலாம்" என்றீர்கள். பயந்து ஒதுங்கியவர்கள் வந்தது அதைக் கேட்டுத்தான்.

நர்ஸம்மா, இது உங்கள் கண்ணில் பட வேண்டும். நன்றி.