கோரிக்கை மனு: பிரிகேட் ரோடு நினைவுத் தூணடியில் குப்பை கொட்டுவதை நிறுத்தக் கோரி

பெறுநர்:
பகுதிப் பொறியாளர் அவர்கள், பெங்களூரு

அனுப்புநர்:
அல்சூர், மர்பி டவுன் வாழ் பயனியர் படைக் குடும்பத்தினர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் இடத்தில், ஓபரா ஹவுஸ் பக்கம் நிற்கும் கல்தூண் தாங்கள் அறிந்ததுதான். அது பற்றி முன்பே மனு கொடுத்தோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. ஆகவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம். கன்னட நகலும் இணைத்திருக்கிறோம்.

1. அது மெட்ராஸ் பயனியர் படையில் உயிர்விட்டவர்களின் நினைவுத் தூண். பாதை போடவும் பதுங்குகுழி வெட்டவும் முன்னால் போய், துப்பாக்கியும் பிடித்த படை. அதில் 61-ஆம் பயனியர் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கியது. 1933-ல் படையையே கலைத்துவிட்டார்கள். தூணைக் கவனிக்க அந்த ரெஜிமென்ட் இன்று இல்லை, குடும்பங்கள்தான் மிச்சம்.

2. வண்டி நிறுத்துகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வோம்.

3. குப்பையைத்தான் பொறுக்க முடியவில்லை. கடை மூடியதும் கறுப்புக் கவர்கள் தூணடிக்கு வந்துவிடுகின்றன. நாய்கள் கிழித்து, கோழி எலும்பும் முட்டைத் தோடும் படியெல்லாம் இறைகின்றன. குழம்புத் தண்ணீர் ஒழுகிக் கல்லில் பிசுக்கு ஏறிவிட்டது. போதாததற்கு அங்கேயே சிறுநீர் கழிக்கிறார்கள். போன நவம்பர் 11, போர் நினைவு நாள் அன்று பூ வைக்க வந்த வயதான அம்மா ஒருவர், செருப்பைக் கழற்ற இடமில்லாமல், மாலையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டுத் திரும்பினார். அவருடைய தாத்தா அந்தப் படையில் இருந்தவர் ஐயா!

4. குப்பை வண்டி தினமும் அந்த வழியாகத்தான் போகிறது. கேட்டால் "இது எங்க ஏரியா இல்லை" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கேட்டால் "எங்க லிஸ்டில் இல்லை". சரி, அப்புறம் யாருடையது? ஹட்சன் சர்க்கிளில் இருந்த தூணை 1964-ல் இடித்தார்கள். அது 1791-ல் பெங்களூரைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு நட்டது, அதற்காக நாங்கள் வாதாட வரவில்லை. இது நம் ஆட்கள் செத்ததற்கு நட்டது. இதை இடிக்கவும் மாட்டீர்கள், கூட்டவும் மாட்டீர்களா? இன்னும் எத்தனை மனு வேண்டும்?

5. கல்லைக் கழுவும்போது ஆசிட் ஊற்ற வேண்டாம், எழுத்து அரித்துப்போகும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். கேட்பது பெரிய காரியமில்லை. இரவில் கொட்டுகிறவர்களுக்கு அபராதம் போடுங்கள், தினமும் கூட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வரும் நவம்பர் 11-க்குள் அந்தக் குப்பையை நிறுத்தித் தாருங்கள் ஐயா. தயவுசெய்து நிறுத்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
பயனியர் படைக் குடும்பத்தினர்
(கையொப்பங்கள் இணைப்பில்)