சேலை உன்னுடையது, படம் யாருடையது?

கல்முனை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கே மழை விட்டு, மருதமுனைத் தறிக்காரருக்கு நூல் காயப்போட வெயில் கிடைத்திருக்கிறது.

ஒன்லைன் கடைப் பக்கத்தில் இருந்து, பதிப்புரிமை முறைப்பாடு வந்ததென்று தளம் மூன்று சேலைப் படங்களைத் தூக்கிவிட்டது, நான் காசு கொடுத்து வாங்கி விற்கிற சேலைக்கு நான் படம் போடக்கூடாதா என்று கேட்டிருந்தாய். சேலை உன்னுடையதுதான், விற்கலாம், நீயே படம் எடுத்தும் போடலாம். ஆனால் அந்தப் படங்களை எடுத்தவர் வேறொருவர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படம் எடுத்த கணத்திலேயே அதன் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதியத் தேவையில்லை, மூலையில் பெயர் போடவும் தேவையில்லை. கூகுளில் கிடந்தது, எடுத்தவரின் பெயரைப் போட்டுத்தான் பகிர்ந்தேன் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

கோபத்தில் எதிர் அறிவித்தல், அதாவது முறைப்பாடு தவறு, படத்தைத் திரும்பப் போடுங்கள் என்று தளத்துக்கு எழுதுவது, அதை மட்டும் அனுப்பிவிடாதே. இந்தத் தளங்கள் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் நடப்பவை. எதிர் அறிவித்தலில் நீ பொய்ச் சத்தியத்துக்குரிய தண்டனையை ஏற்றுக் கையெழுத்திடுகிறாய், உன் பெயரும் முகவரியும் முறைப்பாடு செய்தவரின் கைக்குப் போகும், வழக்கு வந்தால் அமெரிக்க நீதிமன்றத்துக்கு உடன்படுவதாகவும் எழுதிக்கொடுக்கிறாய். படம் உண்மையில் நீ எடுத்ததாகவோ, அனுமதி பெற்றதாகவோ இருந்தால் மட்டும் அந்த வழி. அப்போது 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் மறுபக்கம் வழக்குப் போடாவிட்டால் படம் திரும்ப வரும். உன் விடயத்தில் படம் உனக்குச் சேலை தந்த மொத்த வியாபாரியுடையது. அதே இடத்தில் இருந்து எடுத்த மற்றப் படங்களையும் இன்றைக்கே நீக்கு. திரும்பத் திரும்ப முறைப்பாடு வந்தால் தளம் கணக்கையே மூட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிபந்தனை. பிறகு வியாபாரிக்கு மரியாதையாக எழுதி, முறைப்பாட்டை மீளப்பெறக் கேள். அடுத்த தடவை சரக்கு எடுக்கும்போது, பில்லிலேயே "இந்தச் சேலைகளின் படங்களை இன்ன கடை ஒன்லைன் விற்பனைக்குப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி எழுதி, திகதியிட்டு, இருவரும் கையெழுத்து வையுங்கள். வாய்ச்சொல் நிற்காது, சட்டம் எழுத்தைத்தான் கேட்கிறது.

அதைவிட நல்லது நீயே எடுப்பது. காலை வெயில் நேரே விழாத யன்னலோரம், வெள்ளைத் துணி ஒன்று, போன் போதும். எடுத்த மூலக் கோப்பை அப்படியே வை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதியில் எடுத்த நாளும் நேரமும் அழிந்துவிடும், பிறகு உன்னுடையது என்று காட்டுவது கடினம்.

லோகோவைப் பற்றியும் கவலைப்படுகிறேன். வரைந்த பொடியனுக்குக் காசு கொடுத்தாய், சரி. அவன் உன் சம்பள வேலையாள் இல்லையே. வெளியாள் வரைந்தது, அவன் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்வரை அவனுடையதே. இப்போதே கேட்டு வாங்கு, கடை பெரிதானபின் கேட்டால் விலை ஏறும். அவன் பாவித்த தமிழ் எழுத்துரு எது என்றும் கேள். இலவசமாக இறக்கும் எழுத்துருக்கள் பலவற்றில் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று இருக்கும்.

ரீசேட்டில் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் போடும் யோசனை எனக்குப் பிடித்தது. மீன் பாடும் என்ற எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை, இன்னொருவர் வரைந்த மீன்தான் அவருக்குச் சொந்தம். கல்லடிப் பாலமும் அப்படித்தான், நீ போய் எடு. காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகளின் வரிகளையும் போடலாம், அவர் 1947இல் காலமானார். ஆக்கியவரின் ஆயுளோடு 70 ஆண்டு என்று கூட்டினாலும் 2017 முடிவோடு அவருடைய வரிகள் பொதுவாகிவிட்டன. ஆனால் அவரை அண்மையில் யாராவது வரைந்த ஓவியம் பொது இல்லை. நாட்டார் கவி வரிகளில் பார்த்துப் போ. எழுதியவர் பெயர் இல்லாததால் உரிமையும் இல்லை என்று நினைத்துவிடுவோம். நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிகத்துக்கு எடுப்பதற்கு எங்கள் சட்டத்தில் தனிப் பாதுகாப்பே இருக்கிறது. சினிமா நடிகர் முகம், வசனம் வேண்டவே வேண்டாம்.

ரீல்ஸில் சினிமாப் பாட்டுச் சேர்க்காதே, வியாபாரக் கணக்குக்கென்று தளம் தரும் இசையை மட்டும் எடு.

தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரண்டாம் முறை அது இரட்டிப்பு. நட்டஈட்டு வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். மட்டக்களப்பில் இருந்து ஒவ்வொரு தவணைக்கும் போய்வரும் செலவே ஒரு சிறு கடையைத் தின்றுவிடும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தளம் அனுப்பிய மின்னஞ்சலை முழுதாக எனக்கு அனுப்பு, போன் திரையைப் படம் பிடித்த துண்டு போதாது. அதில் முறைப்பாட்டு இலக்கமும் முறையிட்டவரின் பெயரும் இருக்கும். நான் பார்த்தபின் பதில் எழுதலாம்.

அன்புடன்,
உன் மச்சான்