சில்லறை எடுத்துக்கொண்டு வா

அன்பு மகளுக்கு,

இயோகான் ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் பழம் சின்னது, இனிப்புக்குக் குறைவில்லை. மேலடுக்குத் தோட்டத்தில் பாதி மரங்களைப் பறிக்காமல் விட்டுவிட்டேன், முழங்கால் கேட்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள்.

புத்தாண்டு அட்டை வந்தது. உன் பெயர் மட்டும் இருந்தது.

இந்த மாதம் நம்மூர் ஷிமோநாடா ஸ்டேஷனைப் பெருக்குவது என் முறை. 1986-ல் உச்சிகோ வழியாகப் புதுப் பாதை போட்டு விரைவு வண்டிகள் அந்தப் பக்கம் போனதும், இங்கே ஆளையும் எடுத்துவிட்டார்கள். இனி இங்கே யார் இறங்கப்போகிறார்கள் என்றார் உன் தாத்தா. 1998-ல் நம் ஸ்டேஷன் படம் போட்ட அந்த ரயில்வே சுவரொட்டி வந்தது. இப்போது கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுக்க வரிசை நிற்கிறது, பாதிப்பேர் காரில் வந்தவர்கள். பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. நீ மழையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தபோது ஒருத்தரும் போட்டோ எடுக்கவில்லை.

வருகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டு உள்ளே இருக்கிறதே, பெருக்கி முடித்ததும் அதைப் புரட்டுவேன். பிப்ரவரியில் ஒரு பக்கம்: ‘கடல் அப்படியே இருக்கிறது. அடுத்த வண்டியில் திரும்புகிறேன்.’ பெயர் இல்லை. கடல் அப்படியே ஒன்றும் இல்லை. அலை பிளாட்பாரத்துக்கு அடியிலேயே அடித்த காலத்தைப் பார்த்தவன் நான், சாலை போட்டதில் தள்ளிப் போய்விட்டது. அது கிடக்கட்டும். ‘கடல்’ என்ற ஒற்றை ஜப்பானிய எழுத்தின் குறுக்குக்கோடு வலப்பக்கம் நீளமாக இழுத்திருந்தது. அப்படி இழுத்ததற்கு ஒரு பிள்ளையின் விரலில் நான் தட்டியிருக்கிறேன்.

யாரோ ஊர் சுற்ற வந்தவராக இருக்கும். அம்மாவிடம் காட்டவில்லை.

வருவதானால் மட்சுயாமாவில் நாகஹாமா வழி வண்டிதானா என்று பார்த்து ஏறு. உச்சிகோ வண்டி மலைக்குள் கொண்டுபோய்விடும். ஆளில்லாத ஸ்டேஷனில் ஏறினால் பின்கதவில், ஏறிய இடத்தைக் காட்டும் எண் சீட்டை எடுத்துக்கொள். கையில் சில்லறை வைத்துக்கொள், டிரைவர் பக்கத்துக் கட்டணப் பெட்டி பெரிய நோட்டுக்கு மீதி தராது. மூன்று வருஷம் அதில் பள்ளிக்கூடம் போனவளுக்கு இதையெல்லாம் சொல்கிறேன் பார்.

போன ஓபோன் பண்டிகைக்கு நீ தனியாக இறங்கினாய். சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன், அதுவும் அக்கம்பக்கம் கேட்கிற குரலில். வேலை என்று சிரித்தாய். நாலு நாள் இருக்க வந்தவள் மறுநாள் காலையே கிளம்பிவிட்டாய். நான் தோட்டத்தில் நின்று வண்டி போவதைப் பார்த்தேன். இறங்கி வந்திருந்தால் பத்து நிமிஷம். யார் என்ன பேசுவார்களோ என்ற பயம் எனக்கு. நம் சந்தில் இப்போது விளக்கு எரிவதே மூன்று வீட்டில்தான்.

ஓசாகாவில் இன்னும் குளிர் விட்டிருக்காது. கழுத்தை மூடிக்கொள். உன் அறை மெத்தையை அம்மா வாராவாரம் வெயிலில் போடுகிறாள், ஏன் என்று நான் கேட்பதில்லை.

சில்லறையை மறந்துவிடாதே. பார்சலில் காசு வைக்கக் கூடாது என்பார்கள். பழத்துக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, நூறு யென் நாணயம் பத்து வைத்திருக்கிறேன்.

அப்பா