சங்கரனுக்கு, லென்ஸ் விஷயமாக

அம்பாசமுத்திரம்

அன்புள்ள சங்கரா,

இங்கு அனைவரும் நலம். பிச்சுமணி அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை, கேட்காதே.

கல்லிடைக்குறிச்சியில் உங்கள் தாத்தா வீடு கைமாறிவிட்டது. தை பிறந்ததும் இடிக்கப்போகிறார்களாம். வாங்கியவர் நல்ல மனிதர். படம் எடுத்துக்கொள்ளச் சாவி கொடுத்திருக்கிறார். கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் சாய்க்கவும் (டில்ட்) நகர்த்தவும் (ஷிப்ட்) முடிகிற டில்ட்-ஷிப்ட் லென்ஸ் வாங்கலாமா என்று நீ வேறு நச்சரித்துக்கொண்டிருந்தாயா, கேனானின் 17, 24 மில்லிமீட்டர் இரண்டையும் வாடகைக்கு வரவழைத்துவிட்டேன்.

முதலில் தென்காசிக் கோபுரத்தில் சோதித்தேன். உயரம் சுமார் 178 அடி. கேமராவை அண்ணாந்து பிடித்தால், இயல்பிலேயே மேலே குறுகும் கோபுரம் இன்னும் ஒடுங்கிப் பின்னால் சாய்கிறது. சாய்க்காமல் மட்டமாக, நெடுவாக்கில் பிடித்தால் 24-க்கு 230 அடி தள்ளி நிற்கவேண்டும். அவ்வளவு தூரத்தில் ஏதாவது கடைப்பலகை குறுக்கே வராமல் இருக்குமா? லென்ஸை மட்டும் 12 மில்லிமீட்டர் மேலே நகர்த்தினால் 140 அடி போதும். 17-க்கு 100 அடி. ஆனால் அத்தனை கிட்டத்தில் உச்சிக் கலசங்கள் இழுபட்டு, கோபுரமே அளவுக்கு மீறி வளர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. கணினியில் நேராக்கிக்கொள்ளலாமே என்பாய். நேராக்கலாம், ஓரங்கள் வெட்டுப்படும், மேல்நிலைச் சுதைச் சிற்பங்கள்தான் முதலில் கூர்மை இழக்கும்.

17-இன் முன்கண்ணாடி புடைத்துக்கொண்டு நிற்கிறது. வழக்கமான ஃபில்டரைத் திருகி மாட்ட வழியில்லை. குற்றாலச் சாரலில் துடைத்துத் துடைத்தே என் வேட்டி நுனி நனைந்துவிட்டது. எடையில் பெரிய வித்தியாசமில்லை: அது 820 கிராம், 24-இன் இரண்டாம் பதிப்பு 780. இரண்டிலும் ஃபோகஸைக் கையால்தான் திருகவேண்டும். உன் பொறுமைக்கு இது நல்ல தண்டனை.

டில்ட்டுக்காகத்தான் நீ ஆசைப்படுகிறாய் என்று தெரியும். ரயில் நிலையத்தைப் பொம்மையாக்கிக் காட்டும் வித்தை இரண்டு நாளில் சலித்துவிடும். அதன் உண்மையான வேலை வேறு. கேமரா ஐந்தடி உயரத்தில் இருந்தால், 24-ஐ ஒரு பாகை அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்த்தாலே மண்டபத் தரை காலடியிலிருந்து கடைசிக் கல்வரை கூர்மையாகிவிடும். ஆனால் கூர்மை தரையோடு படுத்துவிடுவதால், பக்கத்துத் தூணின் தலை மங்குகிறது. கிருஷ்ணாபுரத்துத் தூண் சிற்பங்களுக்கு முன்னால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் ஊர்க் கட்டடங்களுக்கு ஷிப்ட்தான் சோறு போடும்.

ஆகவே 24-ஐ வாங்கு; 17 வேண்டும்போது வாடகைக்கு எடுத்துக்கொள். உங்கள் ரேழிக்கும் முற்றத்துக்கும் மட்டும் 17 இல்லாமல் முடியாது. பின்வாங்கச் சுவர் இடம் கொடுக்கவில்லை.

சங்கரா, அந்தத் திண்ணைத் தூண்கள் சாய்ந்து தெரியும் படம் எனக்கு வேண்டாம். நாளைக்கு யாராவது படத்தில் ஸ்கேலை வைத்து, வாசல் அகலத்துக்கும் தூண் உயரத்துக்கும் கணக்குப் பார்க்க முடியவேண்டும். அந்த வீட்டுக்கு வேறு எதுவும் மிஞ்சப்போவதில்லை. உன் அக்கா கல்யாணத்தில் நாம் பந்தி பரிமாறிய கூடத்தை எடுக்கும்போது கொஞ்சநேரம் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் கேமரா எந்த மாடல் என்று எழுது. கேனானின் புதிய மிரர்லெஸ் கேமரா என்றால் இந்த லென்ஸைப் பொருத்த ஒரு அடாப்டரும் வாங்கவேண்டியிருக்கும். இன்னொன்று, மச்சு அறைப் பூட்டின் சாவி மட்டும் கொத்தில் இல்லை. உன் சித்தப்பாவிடம் கேட்டு, உடனே தகவல் அனுப்பு.

உன்,
கணபதி