பின்பக்கத் தகடுகளை ஏன் வெட்டி மாற்றுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு வண்டிகளைப் புதுப்பிக்கத் தருபவர்களில் பலர், பின்பக்க வேலைக்கு நாங்கள் கேட்கும் தொகையையும் காலத்தையும் கண்டு திகைக்கிறீர்கள். மட்கார்டு ஓரத்தில் நாலு கொப்புளம்தானே, சுரண்டிப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதாதா என்கிறீர்கள். போதாது. காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் தகடு பெரும்பாலும் உள்ளிருந்தே இற்றுப்போயிருக்கும். சக்கரம் வாரியடிக்கும் ஈரமணல் மட்கார்டின் உள்மடிப்பில் தங்கிவிடுகிறது. டிக்கி ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் தரையின் மூலைகளில் தேங்குகிறது. நம் கரையில் இதோடு உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் மழையே இல்லாத இரவிலும் வண்டி நனைவது இதனால்தான். 1914ஆம் ஆண்டின் பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தவைத்ததும் துருதான். அது கனத்த எஃகு. நம் வண்டியில் இருப்பதோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தகடு.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே பூசிய பட்டியை அது கட்டாயம் தள்ளிவிடும். அழகு கெடுவதோடு இது முடிவதில்லை. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் கிடையாது. அவற்றில் பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்குவது உடல்தான். அந்த இடம் இற்ற வண்டியைப் பூசி மினுக்கித் தர எங்களுக்கு மனம் வராது.

வேலையின் பெரும்பகுதி வெட்டுவதற்கு முன்பே இருக்கிறது. முதலில் இடுக்குகளில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பை வெளியேற்றுகிறோம். பிறகு கதவு, டிக்கி இடைவெளிகளை அளந்து, உடல் தொய்யாதபடி உள்ளே இரும்புக் கம்பிகளால் முட்டுக் கொடுக்கிறோம். இதைச் செய்யாமல் வெட்டினால் டிக்கி மூடி பிறகு ஒருநாளும் சரியாக உட்காராது. அம்பாசடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டது. புதிய தகடு எளிதில் கிடைக்காது. ஆகவே பழைய தகட்டின் வடிவைக் காகிதத்தில் அச்செடுத்து, புதிய தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி வளைவைக் கொண்டுவருகிறோம். வெல்டிங்கையும் தொடர்ச்சியாக இழுப்பதில்லை. இங்கே ஒரு புள்ளி, அடுத்தது மறுகோடியில், நடுவே ஆறவிடுதல். அவசரப்பட்டால் சூட்டில் தகடு அலையலையாக நெளிந்துவிடும்.

தேய்த்துப் பளிச்சென்றான இரும்புக்கு அன்றே எபாக்சி பிரைமர் என்னும் துருத்தடுப்பு அடிப்பூச்சை அடித்தாக வேண்டும். ஓர் இரவு விட்டாலும் செந்துரு படரும். இதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் தகடு திறக்கும் வேலையை எடுப்பதில்லை. கடைசியாக உட்குழிகளில் மெழுகு தெளித்து, நீர் வடியும் துளைகளைத் திறந்துவிடுகிறோம்.

பெயின்டை நீக்கிப் பார்த்த பின்புதான் இறுதித் தொகையைச் சொல்வோம். வெட்டிய துண்டுகளை எடுத்துவைத்து உங்களிடம் காட்டுவோம்.

கீழக்கரையில் வண்டியை விட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபடும். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள், ஆனால் உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம். வண்டியைக் கொண்டுவரும்போது பழைய டிக்கி ரப்பரையும் எறியாமல் எடுத்துவாருங்கள். அதன் அளவைப் பார்த்துத்தான் புதியதைத் தேட முடியும்.

அன்புடன்,
பணிமனையினர்,
ராமநாதபுரம்