1693050-ஐச் சுமந்து வந்தவர்களுக்கு நன்றி

பைத்தான் நிரல்மொழியின் பக் டிராக்கரை, அதாவது குறைகளைப் பதிந்து பின்தொடரும் ஏட்டை, ரவுண்டப் என்ற மென்பொருளிலிருந்து கிட்ஹப் என்ற நிறுவனத்தின் நிரல் தளத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் வேலையை முடித்தது 2022 ஏப்ரலில். இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை. பழைய இடத்திலேயே இருந்திருக்கலாமே என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. ரவுண்டப் கட்டற்ற மென்பொருள், அதுவும் பைத்தானிலேயே எழுதப்பட்டது. நம் வீட்டுக் கணக்கை நம் வீட்டு நோட்டில் எழுதிவைப்பது போல இருந்தது அது. அதை விட்டு ஒரு நிறுவனத்தின் இடத்துக்குப் போக வேண்டுமா என்ற வருத்தம் எனக்கு இருந்தது.

என் நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருக்கிறது: 1693050. தமிழ் உரையைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் வேலை என்னுடையது. சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து எதுவானாலும் எடுத்துக்கொள் என்று சொல்ல ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரைக்குள் தேட உதவும் குறிமொழி) ஒரு குறி உண்டு. பைத்தானில் அந்தக் குறியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘தம’ என்று ஒரு துண்டும் ‘ழ’ என்று ஒரு துண்டும் திரும்பி வரும். ‘மி’யில் இருக்கும் இகரக் குறியும் ‘ழ்’ மேல் இருக்கும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. தப்பு என்னுடைய நிரலில்தான் என்று இரண்டு நாள் தேடினேன். பிறகு டிராக்கரில் தேடியபோது இந்த எண்ணுள்ள இஷ்யூ, அதாவது குறைப் பதிவு, அகப்பட்டது. தேவநாகரியை வைத்து இதே குறையை ஒருவர் 2007-லேயே எழுதியிருந்தார். குறை தீர்ந்திருக்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நான் தனியாக இல்லை, பெரியவர்கள் பலர் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்த தெம்பு.

எண் ஏன் ஏழு இலக்கம்? டிராக்கர் அதற்கு முன் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் இருந்த காலத்து எண் அது. அந்த இஷ்யூ எழுதப்பட்ட அதே 2007-இல் டிராக்கர் சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து ரவுண்டப்புக்கு வந்தது. வரும்போது எண் மாறாமல் கொண்டுவந்தார்கள். ஆகவே நன்றியை அங்கிருந்தே தொடங்குகிறேன். 2006-இல் ஜிரா, லாஞ்ச்பேட், ரவுண்டப், டிராக் என்று நாலு டிராக்கர்களைக் குழு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தது. அதன் பரிந்துரை ஜிரா. பராமரிக்கப் போதிய ஆட்கள் முன்வந்தால் மட்டும் ரவுண்டப் என்றார்கள். ஆட்கள் முன்வந்தார்கள். அன்று கை தூக்கியவர்களுக்கும், மார்ட்டின் ஃபான் லோவிஸ் போலப் பல ஆண்டுகள் அந்த டிராக்கரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. பதினைந்து வருடம் ஓடியது அது. தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து மரியாட்டா விஜயாவுக்கு. பைத்தானின் மூல நிரல் 2017 பிப்ரவரியிலேயே கிட்ஹப்புக்குப் போய்விட்டது, டிராக்கர் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. பங்களிக்க வருகிறவருக்கு இரண்டு கணக்கு வேண்டும். நான் வார இறுதியில் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் ஒருத்தி ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி புல் ரெக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினாள். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை முடிக்க டிராக்கரிலும் கணக்குத் தொடங்கி, அதில் தன் கிட்ஹப் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. “ஒரு எழுத்தைத் திருத்த எதுக்குக்கா இன்னொரு அக்கவுண்ட்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பெப் என்பது பைத்தானில் மாற்றம் கேட்டு எழுதும் முன்மொழிவு. டிராக்கரையும் கிட்ஹப்புக்கு மாற்றலாம் என்று 2018-இல் நீங்கள் எழுதிய பெப் 581-ஐ அதுவரை கோபத்தோடுதான் படித்திருந்தேன். அன்றிரவு மறுபடி படித்தபோது, அது அவளுக்காக எழுதப்பட்டது என்று புரிந்தது. டிராக்கரைப் பராமரிக்கும் கைகள் எவ்வளவு குறைவு என்பதையும் நீங்கள்தான் வெளிப்படையாக எழுதினீர்கள். நேசிக்கிற ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்வது எளிதில்லை.

இனி எசியோ மெலோட்டிக்கு. இந்த மடலை எழுதவைத்ததே நீங்கள்தான்.

2019-இல் நீங்களும் பெர்க்கர் பெக்சாகும் சேர்ந்து பெப் 595-ஐ எழுதினீர்கள். ரவுண்டப்பை விட வேண்டாம், அதையே மேம்படுத்துவோம் என்ற கட்சி. எனக்கும் அதே கட்சி. அந்த ஆண்டு மே மாதமே பெப் 581 ஏற்கப்பட்டது, உங்களுடையது பிறகு நிராகரிக்கப்பட்டது. அதோடு ஒதுங்கியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 2021-இல் இடமாற்றத்தை நடத்தித் தர ஆள் தேவைப்பட்டபோது அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது நீங்கள். வேண்டாம் என்று வாதாடிய வேலையை உங்கள் கையாலேயே செய்து முடித்தீர்கள், அதுவும் ஒரு மூட்டை சிந்தாமல். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இஷ்யூக்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அட்டவணை: பழைய எண், யார் யார் நோஸி லிஸ்டில் (அந்த இஷ்யூவின் செய்திகளைப் பெறுகிறவர்கள் பட்டியல்) இருந்தார்கள், என்றைக்கு என்ன பேட்ச் (நிரல் திருத்தம்) ஏற்றப்பட்டது. பழைய இடத்தை நன்றாக அறிந்தவருக்குத்தான் எதைவிட்டால் வலிக்கும் என்று தெரியும். அதனால்தான் அட்டவணை இவ்வளவு முழுமையாக இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை மாற்றம் தொடங்கியது. நான் அடுத்த வாரம்தான் போய்ப் பார்த்தேன், பயத்தோடுதான். பழைய முகவரியில் 1693050 என்று தட்டினேன். பக்கம் திறந்தது. இனி இங்கே எழுத முடியாது, படிக்கலாம் என்ற அறிவிப்பும், புது இடத்துக்கு ஓர் இணைப்பும் மேலே இருந்தன. அழுத்தினேன். 2007-இன் முதல் குறிப்பு தேதி மாறாமல் அங்கே இருந்தது. கீழே ஒவ்வொருவர் பேச்சும் வரிசையாக, அவரவர் பெயரோடு. குறை தீராமல்தான் வந்திருந்தது, ஆனால் தொலையாமல் வந்திருந்தது. நோட்டில் பழைய எண்ணுக்குக் கீழே புது எண்ணை எழுதிக்கொண்டேன்.

ஒரு நிறுவனத்தை நம்பியிருப்பது பற்றிய கவலை எனக்கு இன்றும் உண்டு. அதைக் கடைசிவரை எழுப்பிக்கொண்டே இருந்தவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கிட்ஹப்பில் சேரும் தரவை நாள்தோறும் பிரதி எடுத்து வைப்பதை இடமாற்றத் திட்டமான பெப் 588-லேயே எழுதிவைத்தார்களே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. பேர் தெரியாத அந்தப் பிடிவாதக்காரர்களே, உங்களுக்கும் நன்றி.

கடைசியாக, ரவுண்டப்பை வடிவமைத்த கா-பிங் யீ, எழுதி வளர்த்த ரிச்சர்ட் ஜோன்ஸ், பைத்தான் போன பிறகும் புதுப் பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டிருக்கும் இன்றைய குழுவினர். உங்கள் மென்பொருளில்தான் என் முதல் பக் ரிப்போர்ட்டை எழுதினேன். எழுதப் பயந்து மூன்று முறை அழித்து எழுதியது. அதுவும் புது இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மிக்க அன்புடன்,
தமிழ்ச் சொற்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பைத்தான்காரி